லாரி எரிந்த மறுநாள்

*சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ எதுவரை கைகொடுக்கும்?*

சம்பா அறுவடை முடிந்துவிட்டால் காவிரி டெல்டா சாலைகளில் வைக்கோல் லாரிகளின் ஊர்வலம் தொடங்கிவிடும். நாமக்கல், சேலம் பக்கத்து மாடுகளுக்கும் கேரளத்துப் பண்ணைகளுக்கும் தீனி இங்கிருந்துதான் போகிறது. பாடிக்கு மேலே இன்னொரு மாடி கட்டியதுபோல வைக்கோல் ஏற்றிய லாரி, ஊருக்குள் நுழையும் திருப்பத்தில் மெதுவாகத் திரும்புகிறது. தாழ்ந்து தொங்கும் மின்கம்பி உச்சியில் உரச, ஒரு பொறி விழுகிறது. கேபினில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் டூ-வீலரில் வந்தவர் ஹாரன் அடித்துக்கொண்டே முந்தி வந்து, கையை மேலே காட்டிக் கத்துகிறார். பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தால் பாதி லோடு எரிந்துகொண்டிருக்கிறது.

அங்கேயே நிறுத்தினால் இரண்டு பக்கமும் வீடுகள். ஓட்டினால் காற்று தீயை ஊதிவிடும். பெரும்பாலான டிரைவர்கள் ஓட்டத்தான் செய்கிறார்கள். எரியும் வண்டியை ஊருக்கு வெளியே திடலுக்கோ குளத்துக்கோ கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் குதிக்கிறார்கள். மறுநாள் செய்தித்தாளில் ‘டிரைவரின் சாமர்த்தியத்தால் பெரும் அசம்பாவிதம் தவிர்ப்பு’ என்று நான்கு வரி வருகிறது. ஊர் அத்தோடு மறந்துவிடும்.

அந்த டிரைவரே வண்டியின் உரிமையாளராகவும் இருந்தால் அவரால் மறக்க முடியாது. வண்டிக் கடன், எரிந்த சரக்கு, கையில் பட்ட தீக்காயம், நின்றுபோன வாடகை எல்லாம் ஒரே நாளில் ஒரே ஆள் தலையில் வந்து உட்காரும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் ஒற்றை லாரியை வாங்கித் தானே ஸ்டியரிங் பிடிக்கும் குடும்பங்கள் ஏராளம். ‘வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு’ என்ற தைரியத்தில்தான் அவர்கள் லோடு ஏற்றுகிறார்கள். அந்த ‘ஃபுல்’ எவ்வளவு என்பது பெரும்பாலும் வண்டி எரிந்த பிறகே தெரியவருகிறது.

எங்கிருந்து பற்றுகிறது?

லாரித் தீக்கு வழக்கமான வாசல்கள் நான்கு. முதலாவது ஒயரிங். கம்பெனியிலிருந்து வரும் சேஸிஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஃபியூஸ் உண்டு. அதன்பின் பட்டறையிலோ வழியிலோ சேர்க்கும் அலங்கார விளக்கு, ஏர் ஹாரன், பாட்டுப் பெட்டி, மின்விசிறி ஆகியவற்றுக்குப் பேட்டரியிலிருந்தே நேராக ஒயர் இழுத்துவிடுகிறார்கள். அந்த ஒயர் சேஸிஸ் விளிம்பில் உரசி உரசித் தோல் உரிந்தால், மின்சாரத்தைத் துண்டிக்க ஃபியூஸ் இருக்காது.

இரண்டாவது சக்கரம். இரட்டை டயரில் உள்பக்கத்து டயரில் காற்று குறைந்தால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. இரண்டும் உரசிச் சூடேறும். ஏர் பிரேக்கில் காற்றழுத்தம் கசிந்தால் பிரேக் முழுதாக விடுபடாமல் பிடித்துக்கொண்டே ஓடும். தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில் கீழ் கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்தால் டிரம் பழுக்கும். டயர் தீயின் தனிக்குணம், அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் சூட்டில் மறுபடி பற்றுவது.

மூன்றாவது இன்ஜின். கசியும் டீசல் குழாய், டர்போவின் சூடான உலோகம், பக்கத்தில் எண்ணெய் தோய்ந்த துணி. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. புகைக்கரியை வடிகட்டி தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் புகைபோக்கிப் பகுதி பல நூறு டிகிரி சூடாகும். அப்போது காய்ந்த சருகு, வைக்கோல் மேல் வண்டியை நிறுத்துவது ஆபத்து.

நான்காவது சரக்கு. வைக்கோல், பஞ்சு, தேங்காய் நார், தீப்பெட்டி போன்றவற்றுக்குச் சின்னப் பொறி போதும். இதோடு வண்டிப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைக்கும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

---
■ முதல் ஐந்து நிமிடம்

• வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் அணையுங்கள். பங்க், மரம், மின்கம்பி அருகே நிறுத்த வேண்டாம்.
• இறங்கியதும் 101 அல்லது 112. தேசிய நெடுஞ்சாலையில் 1033.
• தீயணைப்பானை இருக்கைக்கு அடியில் மூட்டை முடிச்சுக்குள் வைக்காதீர்கள். ஒன்று கேபின் கதவை ஒட்டி, இன்னொன்று வெளியே எட்டும் இடத்தில் இருக்கட்டும்.
• கேபினுக்கு அடியில் புகை வந்தால் கேபினை முழுதாகத் தூக்காதீர்கள். காற்று புகுந்து தீ எழும்பும். இடைவெளி வழியாகவே பொடியை அடியுங்கள்.
• டயர் தீக்குப் பொடி மட்டும் போதாது. நிறையத் தண்ணீர் வேண்டும். டயர் வெடிக்கலாம், நேர் எதிரே நிற்காதீர்கள்.
• ஓரிரு நிமிடத்தில் அடங்காவிட்டால் விலகிவிடுங்கள்.
---

‘ஃபுல்’ என்பதன் அளவு

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தேர்டு பார்ட்டி காப்பீட்டை மட்டும்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-வது பிரிவு அதைச் சொல்கிறது. அது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கானது. உங்கள் லாரி சாம்பலானால் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. ‘ஓன் டேமேஜ்’ என்கிற சொந்தச் சேதப் பகுதியும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசியில்தான் தீ, வெடிப்பு, தானாகப் பற்றுதல், மின்னல் எல்லாம் வருகின்றன.

பிரீமியக் கணக்கு இங்கேதான் காலை வாருகிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியலில், 20 முதல் 40 டன் வரை மொத்த எடை உள்ள சரக்கு லாரிக்குத் தேர்டு பார்ட்டி பிரீமியம் மட்டும் 43,950 ரூபாய், வரி தனி. வாடகை சரியாகக் கிடைக்காத வருடத்தில் இதைக் கட்டவே மூச்சு முட்டும். கடன் இருக்கும்வரை ஃபைனான்ஸ்காரர் விடமாட்டார் என்பதால் சொந்தச் சேதப் பகுதி தொடரும். கடன் முடிந்த வருடமே ‘பழைய வண்டிதானே’ என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஒயரிங் தளர்ந்து, டீசல் குழாய் வெடித்து, தீப்பிடிக்கும் வாய்ப்பு கூடும் வயதும் அதுதான்.

பேக்கேஜ் பாலிசி எடுத்திருந்தாலும் கிடைக்கும் தொகைக்கு உச்சவரம்பு ஐ.டி.வி. எனப்படும் அறிவிக்கப்பட்ட மதிப்பு. அது வருடா வருடம் தேயும். பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிட்டு ஐ.டி.வி. தொகையைத் தருவார்கள். தாண்டாவிட்டால் பாக வாரியாகத் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்குப் பாதிதான். ஃபைபர் பாகத்துக்கு 30 சதவீதம் கழிவு. கேபினில் தீப்பிடித்தால் முதலில் போவதே ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். போதாததற்கு, வர்த்தக வாகனங்களுக்கு விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், பெயின்ட் போன்றவற்றின் பகுதிச் சேதம் அடிப்படைப் பாலிசியில் சேராது. கூடுதல் பிரீமியம் கட்டி ‘ஐ.எம்.டி. 23’ என்ற இணைப்பை வாங்கியிருக்க வேண்டும். பாலிசித் தாளில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நாமக்கல் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இங்கே பலர் சேஸிஸை மட்டும் ஷோரூமில் வாங்கி, பாடியைப் பட்டறையில் கட்டுகிறார்கள். பல லட்சம் பிடிக்கும் அந்தப் பாடியின் மதிப்பையும் ஐ.டி.வி.யில் சேர்க்கச் சொல்லி, பட்டறை ரசீதைக் கொடுத்திருக்க வேண்டும். பிரீமியம் குறையட்டும் என்று சேஸிஸ் விலையோடு நிறுத்தியிருந்தால், எரிந்த பாடி காப்பீட்டுக் கணக்கில் பிறக்கவே இல்லை.

---
■ ஐ.டி.வி. தேயும் வேகம்

வண்டியின் பட்டியல் விலையிலிருந்து கழியும் சதவீதம்:

6 மாதம் வரை – 5
6 மாதம் முதல் 1 வருடம் – 15
1 முதல் 2 வருடம் – 20
2 முதல் 3 வருடம் – 30
3 முதல் 4 வருடம் – 40
4 முதல் 5 வருடம் – 50

5 வருடத்துக்கு மேல் உரிமையாளரும் நிறுவனமும் பேசி முடிவு செய்யும் தொகை. பட்டியல் விலை 40 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஐந்தாம் வருடத்தில் வண்டி எரிந்தால் உச்சவரம்பு 20 லட்சம்.
---

கடன்காரர் முதலில்

ஆர்.சி. புத்தகத்தில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருக்கும்வரை, முழு இழப்புத் தொகை முதலில் அங்கேதான் போகும். மிச்சம் இருந்தால் உரிமையாளருக்கு. மதிப்பு ஒரு வேகத்தில் தேய, தவணை வேறு வேகத்தில் கரைவதால், காப்பீட்டுப் பணம் முழுவதும் போயும் கடன் பாக்கி நிற்பது நடக்கும். டயர், எஃப்.சி., பழுது வேலைக்கு என்று இடையில் மறுகடன் வாங்கியவர்களுக்கு இது இன்னும் நிச்சயம்.

க்ளெய்ம் முடியும்வரை வண்டி ஓடாது, தவணை நிற்காது. ஓட்ட முடியாத நாட்களின் வருமான இழப்பை மோட்டார் பாலிசி ஏற்பதில்லை. பத்து லாரி வைத்திருப்பவர் மீதி ஒன்பதை ஓட்டித் தாக்குப்பிடிப்பார். ஒற்றை வண்டிக்காரர் அடுத்தவர் லாரிக்கு டிரைவராகப் போகிறார். அதுதான் இன்றைய நடப்பு.

ஸ்டியரிங் பிடித்த உரிமையாளருக்கு?

சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் வேலையில் இறந்தால் முதலாளி சட்டப்படி இழப்பீடு தர வேண்டும். அந்தப் பொறுப்பை மோட்டார் பாலிசியும் சுமக்கிறது. உரிமையாளரே ஓட்டினால் அவர் யாருக்கும் தொழிலாளி இல்லை. தன் பாலிசிக்கே அவர் மூன்றாம் நபரும் இல்லை. வாகன உரிமையாளரின் சொந்த உடற்காயத்துக்குப் பேக்கேஜ் பாலிசி பொறுப்பேற்காது என்று 2004-ல் தன்ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

அவருக்கு இருப்பது ‘உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு’ ஒன்றுதான். வெறும் சில லட்சமாக இருந்த இந்தத் தொகையை உயர்த்தச் சொல்லி 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அதை 15 லட்சம் ஆக்கியது. பிரீமியம் சில நூறு ரூபாய்தான். ஆனால் மூன்று நிபந்தனை. ஆர்.சி. அவர் பெயரில் இருக்க வேண்டும். பாலிசி அவர் பெயரில் இருக்க வேண்டும். அந்த வண்டியை ஓட்டும் லைசென்ஸ் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

நம் குடும்பங்களில் ராசி பார்த்தோ கடன் வசதிக்காகவோ மனைவி பெயரிலும் அப்பா பெயரிலும் வண்டி எடுப்பது சகஜம். ஓட்டுவது கணவர். தீயில் அவர் சிக்கினால் இந்த 15 லட்சம் கிடைக்காது. காரணம், ஓட்டியவர் உரிமையாளர் இல்லை. அப்படிப்பட்டவர்கள் சம்பள டிரைவருக்கான இணைப்பும், தனியாக ஒரு விபத்துப் பாலிசியும் எடுத்துக்கொள்வதுதான் வழி. வங்கிக் கணக்கிலிருந்து வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தருகிறது. அதையாவது விடக் கூடாது.

இதைவிடப் பெரிய ஓட்டை, அந்த 15 லட்சம் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே என்பது. மருத்துவச் செலவுக்கு இல்லை. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்குத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. 2025-ல் வந்த மத்தியத் திட்டம் 7 நாள் வரை 1.5 லட்சம் தருகிறது. தீக்காயம் ஏழு நாளில் ஆறுவதில்லை. தோல் ஒட்டு அறுவை, கைவிரல் மடங்குவதற்கான பயிற்சி என்று மாதக்கணக்கில் இழுக்கும். விரல் மடங்காதவர் எப்படி கியர் போடுவார்? குடும்ப மருத்துவக் காப்பீடோ முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ லாரிக்காரர் வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டியது இதனால்தான்.

சரக்கு யார் தலையில்?

லாரியோடு எரிந்த பஞ்சு மூட்டைக்கு மோட்டார் பாலிசியில் இடம் கிடையாது. சரக்குக்காரர் தனியே டிரான்சிட் காப்பீடு எடுத்திருப்பார். ‘பார்ட்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, நமக்குக் கவலை இல்ல’ என்று நிம்மதியாவது அவசரம். அந்தக் காப்பீட்டு நிறுவனம் அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவருடைய உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு போக்குவரத்தாளரிடம் வசூலுக்கு வரலாம். வருவதும் உண்டு.

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, அதன் 2011 விதிகள்படி, பதிவு பெற்ற போக்குவரத்தாளரின் பொறுப்பு பொதுவாக வாடகையின் பத்து மடங்குக்குள் அடங்கும்; கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்கான கட்டணம் கொடுத்திருந்தால்தான் அதிகம். புக்கிங் ஆபீஸ் பெயரில் ரசீது இருக்கிறதா, லாரிக்காரரே நேரடியாக ஒப்பந்தம் செய்தாரா என்பதைப் பொறுத்து அந்தச் சுமை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறும். லோடு ஏற்றும் அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடும் அந்தத் தாள்தான் பின்னால் பேசும்.

தீ பக்கத்துக்குப் பரவினால்

2012 ஆகஸ்டில் கண்ணூர் சாலாவில் எரிவாயு டேங்கர் விபத்துக்குள்ளாகி எரிந்ததில் 20 பேர் இறந்தார்கள். 2024 டிசம்பர் 20 அதிகாலை ஜெய்ப்பூர் பாங்க்ரோட்டாவில் டேங்கர்மீது லாரி மோதி, கசிந்த வாயு பற்றி முப்பதுக்கும் மேற்பட்ட வாகனங்கள் எரிந்தன. இரண்டு வாரம் கழித்து, 2025 ஜனவரி 3-ல் கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் வாயுவோடு டேங்கர் கவிழ்ந்தது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சியபடியே கசிவை அடைத்ததால் நகரம் தப்பியது. தென்னிந்தியாவில் ஓடும் எரிவாயு டேங்கர்களில் பெரும்பகுதிக்கு நாமக்கல்தான் தாய்வீடு என்பதால், அங்கே இந்தச் செய்திகளை யாரும் வெளியூர்ச் செய்தியாகப் படிப்பதில்லை.

அடுத்தவரின் உயிருக்கும் காயத்துக்கும் தேர்டு பார்ட்டி பாலிசியில் உச்சவரம்பு இல்லை. சொத்துக்கு உண்டு. வர்த்தக வாகனத்துக்குப் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய். எரியும் லாரியிலிருந்து பரவிய தீயில் 20 லட்ச ரூபாய் கடை போனால் மீதி 12.5 லட்சத்துக்கு உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த 7.5 லட்சத்தை வெறும் 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டு பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிக்கும் வாய்ப்பும் பாலிசியில் உண்டு. யாரும் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிட வேண்டாம்.

கம்பிக்கும் லோடுக்கும் நடுவே

வைக்கோல் லாரிக்கு வருவோம். சாலையைக் குறுக்காகக் கடக்கும் தாழ்வழுத்த மின்கம்பி தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சரக்கு லாரியின் உயரம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. மின் வாரியமும் லாரிக்காரரும் விதிப்படி நடந்தால் நடுவே கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் வெறும் காற்று. அந்த இடைவெளியை மேலிருந்து தொய்ந்த கம்பியும், கீழிருந்து குவிந்த லோடும் சேர்ந்து தின்றுவிடுகின்றன.

உயரம் மீறிய லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம் இருக்கிறது. எடை மீறினால் 20,000-த்தோடு கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. காப்பீட்டில் அதைவிடக் கனமான அடி காத்திருக்கிறது. அதிக எடை ஏற்றியது தெரிந்தால், தர வேண்டிய தொகையில் 75 சதவீதத்துக்கு மேல் தருவதில்லை என்பது நிறுவனங்களின் நெடுநாள் நடைமுறை. பாலிசி நிபந்தனை மீறலில் இந்த 75 சதவீத வழியை 2010-ல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. இதே தீர்ப்பு லாரிக்காரருக்குக் கேடயமும் ஆகும். நிறுவனம் ‘ஒரு பைசா கிடையாது’ என்று சொல்லும்போது, ‘அப்படியானால் 75 சதவீதமாவது கொடு’ என்று கேட்க அது உதவும். ஆனால் பெர்மிட் இல்லாமல் ஓட்டியதை அடிப்படை மீறலாகவே 2018-ல் உச்ச நீதிமன்றம் பார்த்தது. லைசென்ஸ் இல்லாத கிளீனரிடம் நள்ளிரவில் ஸ்டியரிங்கைக் கொடுப்பதும் இந்த ரகம்தான்.

பழைய வண்டி வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்.சி. பெயர் மாறினால் போதாது. 14 நாட்களுக்குள் பாலிசியையும் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்டு பார்ட்டி பாதுகாப்பு மட்டும் தொடரும். சொந்தச் சேதத்துக்கு, வண்டியை விற்ற பழைய முதலாளிக்கும் உரிமை இராது, வாங்கியவருக்கும் இராது.

மறுத்தால் என்ன செய்யலாம்?

தீ அணைந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி க்ளெய்ம் எண் வாங்குவது. காவல் நிலையத்தில் புகார், தீயணைப்புத் துறையின் சான்றிதழ், எரிந்த நிலையிலேயே எல்லாப் பக்கமும் படங்கள். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைக் கழுவவோ பாகங்களைப் பிரிக்கவோ கூடாது. எங்கே பற்றியது என்பதுதான் அவர் தேடும் விடை. 2024-ல் வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வழிகாட்டுதல்படி சர்வேயர் அறிக்கைக்கு 15 நாள், அதன்பின் முடிவெடுக்க 7 நாள்.

மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு. ஒரு மாதத்தில் பதில் திருப்தி இல்லாவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன்; வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை உத்தரவிடலாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இன்னொரு வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். அவகாசம் இரண்டு வருடம்.

‘லாரி வர்த்தக வாகனம், நீ நுகர்வோரே இல்லை’ என்ற வாதம் அங்கே எழும். பயப்பட வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியதை வர்த்தக நோக்கமாகக் கருதக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-லேயே விளக்கம் இருக்கிறது. தீ இழப்புக் காப்பீடு லாபம் பண்ணுவதற்கல்ல, இழப்பை ஈடுகட்டத்தான் என்று 2023-ல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

---
■ புதுப்பிக்கும் நாளில் ஏஜென்ட்டிடம் ஆறு கேள்விகள்

1. பாடியின் மதிப்பு ஐ.டி.வி.யில் சேர்ந்திருக்கிறதா?
2. ஐ.எம்.டி. 23 இணைப்பு இருக்கிறதா?
3. அடுத்தவர் சொத்து வரம்பு 7.5 லட்சமா, 6,000-மா?
4. 15 லட்ச விபத்துக் காப்பீடு யார் பெயரில்? நாமினி யார்?
5. மாற்று டிரைவர், கிளீனருக்குப் பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா?
6. எஃப்.சி., பெர்மிட், லைசென்ஸ் தேதிகள் பாலிசி முடியும்வரை செல்லுமா?
---

சங்கங்கள் செய்யக்கூடியது

எல்லாப் பொறுப்பையும் ஒற்றை வண்டிக்காரர் தலையில் கட்டுவது நியாயமாகாது. பாடி பட்டறைகள் ஃபியூஸ் இல்லாத இணைப்பைக் கொடுக்க மறுக்க வேண்டும்; ஒயரிங் செய்ததற்கு ரசீது தர வேண்டும். மின் வாரியம் அறுவடைக்கு முன்பே டெல்டாச் சாலைகளின் தொய்ந்த கம்பிகளை இழுத்துக்கட்ட வேண்டும். உரிமையாளர்-ஓட்டுநர் காப்பீட்டில் தீக்காயச் சிகிச்சையைச் சேர்க்கும் அதிகாரம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் இருக்கிறது. தொகையை உயர்த்த ஒரு நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. இதற்கும் அப்படியொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

லாரி உரிமையாளர் சங்கங்களுக்கு வாடகை, டீசல், சுங்கம் என்று போராட நிறைய இருக்கிறது. அந்தப் பட்டியலில் காப்பீட்டையும் சேர்க்கலாம். தனி ஆளாகப் போகும் லாரிக்காரரிடம் ஏஜென்ட் நீட்டும் தாளில் எதை எடுக்கலாம் என்ற பேச்சு மட்டும்தான் நடக்கிறது. ஆயிரம் வண்டிகளோடு ஒரு சங்கம் போனால், எதைச் சேர்க்க வேண்டும் என்று நிறுவனத்திடம் பேரம் பேச முடியும். நாமக்கல்லுக்கு அந்த எண்ணிக்கை இருக்கிறது.